எண்ணூற்றைம்பது வார்த்தை இங்கிலீஷ்

நாற்பது வயதுத் தச்சர் ஒருவர் இங்கிலீஷ் கற்க வருகிறார். "இது பூனை" என்று ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வராதா? பூனையை அவர் அறியாதவரா? அதன் இங்கிலீஷ் பெயர்தான் வேண்டும்.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-ல், 850 வார்த்தைகளே போதும் என்று 'பேஸிக் இங்கிலீஷ்' வகுத்தார். 1943-ல் சர்ச்சில் துரையே மெச்சிய திட்டம்! வினைச்சொற்கள் பதினெட்டே.

சங்கடம் அங்கேதான். 'டாலரேட்' என்ற ஒற்றைச் சொல்லைத் தள்ளிவிட்டு, 'புட் அப் வித்' என்று மூன்றைக் கோக்க வேண்டும். 'வை', 'மேலே', 'உடன்' சேர்ந்து 'பொறுத்துக்கொள்' ஆவதெப்படி? குழந்தை கேட்டுக் கேட்டே பழகிவிடும்; பெரியவரோ காரணம் கேட்பார்.

நம் தச்சர் பட்டியலையும் புரட்டுவார். சுத்தியல் உண்டு, ஆணி உண்டு; உளியைக் காணோம். அவர் முதலில் கேட்பது அதைத்தானே!