நடுவில் நிற்கும் விலை

முகூர்த்தமோ பொங்கலோ நெருங்கினால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட் செய்தித்தாளில் இடம்பிடித்துவிடும். மல்லி கிலோ இத்தனை ஆயிரம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதற்கு முந்தின வாரம் என்ன விலைக்குப் போனது என்று கேட்பார் இல்லை. ஆனால் உரம், மருந்து, பறிப்புக் கூலி எல்லாவற்றுக்கும் விவசாயி கணக்குப் போடுவது அந்தச் சாதாரண நாள்களை நம்பித்தான்.

அப்படியானால் 'வழக்கமான விலை' எது?

ஒரு கணக்குக்கு ஏழு நாள் விலையை வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 400, 450, 420, 500, 380, 430 ரூபாய் என ஆறு நாள் போகிறது. ஏழாம் நாள் முகூர்த்தம், 2,000 ரூபாய். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி 654. அந்த வாரம் எந்த நாளிலும் யாருக்கும் கிடைக்காத விலை இது! முகூர்த்த நாளை எடுத்துவிட்டால் சராசரி 430தான்.

இதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்: 380, 400, 420, 430, 450, 500, 2,000. நடுவில் நிற்பது 430. பள்ளிப் பாடநூல் இதைத்தான் இடைநிலை அளவு என்கிறது. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். முகூர்த்தத்தை விட்ட ஆறு நாளுக்கு அப்படிப் பார்த்தால் 425. ஒரு நாள் விலை எகிறியதில் சராசரி 224 ரூபாய் ஏறியது. இடைநிலை அசைந்ததோ 5 ரூபாய்.

இந்த உறுதியை உலகறியக் காட்டியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். 1906இல் பிளிமத் நகரக் கண்காட்சியில், ஒரு மாட்டை அறுத்தால் இறைச்சி எவ்வளவு தேறும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளை வாங்கி அவர் வரிசைப்படுத்தினார். நடுச்சீட்டில் இருந்தது 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. தாறுமாறாக எழுதும் ஒருவரால் எல்லாருடைய முடிவையும் இழுத்துச் செல்ல முடியாது என்பதற்காகவே அவர் நடுவைத் தேர்ந்தார்.

நம் நாட்டில் அரசின் அக்மார்க்நெட் தளம், சந்தை விலையைக் குறைந்தபட்சம், அதிகபட்சம், முகடு என மூன்றாகத் தருகிறது. முகடு என்பது பெரும்பாலும் விற்ற விலை. நல்ல ஏற்பாடுதான். அதோடு மாத இடைநிலையையும் சேர்த்து மார்க்கெட் பலகையில் எழுதிப் போட்டால், புதிதாக மல்லி வைக்க நினைப்பவர் ஒருநாள் உச்சத்தைப் பார்த்துக் கடன் வாங்கமாட்டார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மல்லியை விடியும் முன்பே மொட்டாகப் பறித்தாக வேண்டும். மார்கழிப் பனியில் செடி மொட்டு விடுவதே குறைந்துவிடும். விலை ஏறும் நாளில் கூடையில் பூ இருப்பதில்லை. மேற்சொன்ன ஆறு நாளும் பத்துப் பத்துக் கிலோ, முகூர்த்தத்தன்று இரண்டே கிலோ என்று வையுங்கள். மொத்தம் 62 கிலோவுக்கு 29,800 ரூபாய்; கிலோவுக்கு 481 விழுகிறது. நாள்களுக்குப் பதில் கிலோக்களை விலைப்படி வரிசையாக நிறுத்திப் பார்த்தாலும், நடுவில் நிற்கும் 31, 32ஆம் கிலோக்கள் விற்றது அதே 430 ரூபாய்க்குத்தான்.