சாயப் பக்கட்டை விற்கும் முன் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்



பதுளை பஸாரில் புடைவைக் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் சம்பளம் போடும் நாளும் அட்வான்ஸ் கொடுக்கும் நாளும்தான் நமக்கு வியாபார நாள். பசறை, ஹாலி-எல, லுணுகலை, நமுனுகுலைப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றால்தான் நமது கல்லாப்பெட்டி திறக்கும். அப்படி ஒரு நாளில் நான் செய்த தவறைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாலு பேருக்குப் பயன்பட்டால் நல்லதுதானே.

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வழமையாக வரும் ஒரு தாய், மகனுடைய கறுப்புக் களிசானை உர பேக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பையன் கொழும்பில் ஒரு கடை வேலைக்கு நேர்முகத்துக்குப் போக வேண்டுமாம்.

“நானா, இது நரைச்சுப் போச்சு. புதுசு வாங்க இப்ப சல்லி இல்ல. சாயம் ஏதும் இருக்கா?” என்றார்.

நமது கடையில் சாயப் பக்கட்டுப் பெட்டி ஒன்று பல மாதங்களாகத் தூசு பிடித்துக் கிடந்தது. “வீட்டில் மெஷின் இருக்கா?” என்று கேட்டேன். கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பிய இரண்டு தொட்டி மெஷின் லயத்தில் இருப்பதாகச் சொன்னார். “அப்படியென்றால் பயமில்லை, போட்டால் புதுசு மாதிரி வந்துவிடும்” என்று இரண்டு பக்கட்டை விற்றுவிட்டேன். களிசானை விரித்துக் கூடப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். களிசான் போன மாதிரியே நரைத்துக் கிடந்தது. அதோடு சின்ன மகளின் வெள்ளைப் பாடசாலை உடுப்பும் பையில் இருந்தது. மெஷினில் தங்கிய சாயம் அடுத்த சலவையில் அதில் ஏறி, சாம்பல் நிறமாக்கியிருந்தது.

அவர் ஏசவில்லை. “நீங்க நல்லா வரும்னு சொன்னீங்களே நானா” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் மனது ஆறியிருக்கும்.

பக்கட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். உடுப்புத் துணியும் வெட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஆடைத் தொழிற்சாலையில் சாயப் பகுதியில் வேலை செய்த என் மருமகனைக் கூப்பிட்டுப் பாடம் கேட்டேன். முப்பது வருடம் துணி விற்றவன், துணி எதனால் ஆனது என்று அன்றுதான் படித்தேன்.

சாயம் எதில் பிடிக்கும்?

சாயம் நம் நாட்டுக்குப் புதிய சரக்கல்ல. ஒரு காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் தரையில் சாயவேர் தோண்டி எடுத்தார்கள். படிகாரத்தோடு சேர்த்தால் பருத்தியில் நல்ல சிவப்பு ஏறும். டச்சுக்காரர் காலத்தில் அந்த வேரே அரசாங்கத்துக்கு வருமானமாக இருந்தது. 1856இல் இலண்டனில் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் செய்தான். வேர்ச் சாயத்தின் காலம் அதோடு இறங்கத் தொடங்கியது. சரியாக நூறு வருடம் கழித்து, 1956இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி புதிய வகைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய பல சாயங்கள் நூலில் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கும். இதுவோ பருத்தி நூலோடு இரசாயன ரீதியாகப் பிணைந்துவிடும். கழுவக் கழுவ எளிதில் போகாது. கொதிக்க வைக்கவும் தேவையில்லை, வெதுவெதுப்பான நீர் போதும். வீட்டு மெஷினில் சாயம் போட முடிகிறதென்றால் அதற்கு முக்கிய காரணம் இந்த வகைதான்.

ஆனால் இந்தப் பிணைப்பு பருத்தி, லினன், ரேயோன் போன்றவற்றில்தான் நடக்கும். பொலியெஸ்டரில் நடக்காது. பொலியெஸ்டருக்கு வேறு வகைச் சாயம் வேண்டும். தொழிற்சாலையில் அதை மூடிய இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து, 130 பாகை செல்சியஸ் சூட்டில்தான் ஏற்றுகிறார்கள். நமது மெஷினால் அது ஆகாத காரியம். அந்தத் தாய் கொண்டுவந்த களிசான் பொலியெஸ்டர். அதில் ஏறாத சாயம்தான் தொட்டியிலும் குழாயிலும் தங்கிப் பிள்ளையின் வெள்ளை உடுப்பைப் பிடித்தது.

கலப்புத் துணி இன்னொரு சிக்கல். 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி என்றால் அந்த 35 வீதம் மட்டும்தான் நிறம் எடுக்கும். கறுப்புப் போட்டால் சாம்பல் வரும். நம் பெண்கள் உடுக்கும் கறுப்பு அபாயாக்களில் பல பொலியெஸ்டர்தான். ஸ்திரிக்கை பட்டும் உராய்ந்தும் அவை மினுங்குவதைச் சாயம் போனதாக நினைக்கிறோம். அதற்குச் சாயம் மருந்தல்ல.

ஒரு நூல், ஒரு தீக்குச்சி

லேபல் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். லேபல் கிழிந்திருந்தால் தையல் மடிப்புக்குள் இருந்து துணியின் நூல் ஒன்றை உருவி எடுங்கள். தைத்த நூலை எடுக்காதீர்கள், அது அநேகமாகப் பொலியெஸ்டராகவே இருக்கும். துணி அடுக்கிலிருந்து தள்ளி நின்று, ஈரத் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள்.

கடதாசி எரிந்த வாசனை வந்து, தொட்டால் தூளாகும் சாம்பல் விழுந்தால் பருத்தி அல்லது ரேயோன். சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணி போல் நின்றால் பொலியெஸ்டர் அல்லது நைலோன். முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி, அவற்றுக்கு வேறு சாயம். எரிந்து சாம்பலும் விழுந்து கூடவே மணியும் நின்றால் கலப்பு. ஒரு நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் எனக்கு அன்றைக்கு அந்த வார்த்தை கேட்க நேர்ந்திராது.

மெஷினில் போடும் முறை

பக்கட்டில் எழுதியிருப்பதே முதல் சட்டம். அது இவ்வளவு எடைத் துணிக்கு என்று குறித்திருக்கும். அந்த எடை காய்ந்த துணியின் எடை. கடைத் தராசில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். ஒரு ஜீன்ஸ் களிசான் அரைக் கிலோவைத் தாண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற கடும் நிறங்களுக்குச் சாயம் கூடுதலாக வேண்டும்.

துணியை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரத்தோடு போட வேண்டும். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் சாயம் திட்டாக நிற்கும். தூளைத் தனியாகச் சுடுநீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். பக்கட்டு உப்புக் கேட்டால் உப்பு. சோடா கேட்டால் சலவைச் சோடா, அப்பச் சோடா அல்ல. உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளும். சோடா அதைப் பிணைய வைக்கும். தொட்டியில் பாதிக்கு மேல் துணி போடக் கூடாது. துணி தாராளமாகப் புரள வேண்டும்.

இரண்டு தொட்டி மெஷினில் நீரைச் சூடாக்கும் வசதி பொதுவாக இருக்காது. பண்டாரவளை, அப்புத்தளைக் குளிருக்குக் குழாய்த் தண்ணீரில் போட்டால் நிறம் மந்தமாகத்தான் வரும். கை பொறுக்கும் சூட்டில் நீர் கலந்து ஊற்ற வேண்டும். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் தொட்டி பழுதாகும். டைமர் நின்றால் திரும்பவும் திருப்பி, பக்கட்டில் சொன்ன நேரம் முடியும் வரை ஓடவிட வேண்டும். பிறகு தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும்.

முடிந்ததும் வெறும் மெஷினைச் சுடுநீரும் சலவைத் தூளும் போட்டு ஓட்டிக் கழுவுங்கள். இரண்டு தொட்டியையும், தண்ணீர் போகும் குழாயையும் சேர்த்து. அடுத்த சலவைக்குக் கறுப்புத் துணியையே போடுங்கள். வெள்ளை உடுப்பு அதற்கும் பிறகுதான். பக்கட்டு விற்கும்போது வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சாயத் தண்ணீரைப் பீலிக்கரையிலோ, குடிநீர் எடுக்கும் ஓடையிலோ ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பெனியன் நகரமான திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு வீட்டுத் தொட்டி அவ்வளவு பெரிய காரியமல்ல. ஆனால் மேல் லயத்தில் ஊற்றுவது கீழ் லயத்துக்கு வந்து சேரும் நாடு நமது நாடு.

கணக்கும் நாணயமும்

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. புறக்கோட்டையில் துணி விலை ஏறியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். இருப்பதைத் தைத்தும் நிறம் போட்டும் உடுப்போம் என்ற எண்ணம் அதிலிருந்து பலருக்கு வந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே பக்கட்டின் விலையை ரூபாவில் எண்ணாமல், எத்தனை மணி நேரக் கொழுந்து என்று எண்ணிப் பாருங்கள்.

நான் இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். சாயம், உப்பு, சோடா எல்லாம் சேர்ந்து புதுத் துணி விலையில் பாதியைத் தாண்டினால், “புதுசு வாங்குங்கள், இல்லையேல் இப்படியே உடுங்கள்” என்று சொல்லிவிடுவேன். துணி நைந்திருந்தாலும் அப்படித்தான். சாயம் நிறத்தைத் தரும், பலத்தைத் தராது. தையல் நூல் பழைய நிறத்திலேயே நிற்கும், கடும் நிறத்தின் மேல் இளநிறம் ஏறாது என்பதையும் முதலே சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டு மடிப்போரம் வெளுத்த பருத்திச் சாரன்கள் நம் எல்லாக் கடையிலும் கிடக்கும். அவற்றை வீட்டு மெஷினில் கருநீலம் போட்டு எடுத்தேன், நன்றாகவே வந்தன. புதுச் சரக்கோடு அடுக்கி வைத்தால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் பயமே. வெயிலில் வெளுத்த நூல் பலமும் குறைந்திருக்கும். வாங்கியவர் மலையேறும்போது மடிப்பில் கிழிந்தால் அன்றைக்கு வெளுப்பது சாரனின் சாயமல்ல, கடைக்காரனின் சாயம். தனியாக ஒரு மூலையில் போட்டு, “வெயிலில் வெளுத்தது, சாயம் போட்டது, விலை குறைவு” என்று அட்டை எழுதி வைத்தேன். வாங்கியவர்கள் தெரிந்துதான் வாங்கினார்கள்.

சாயப் பக்கட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தீப்பெட்டியும் ஈரத் தட்டும் வைத்திருக்கிறேன். கேட்டு வருபவர்களில் ஒரு பங்கினரை வாங்காமலே திருப்பி அனுப்புகிறேன். போன மாதம் அந்தப் பசறைத் தாய் பக்கத்து லயத்துப் பெண் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் கையில் பருத்திச் சட்டை ஒன்று. நான் கேட்கும் முன்பே, “நூல உருவிக் குடு, நானா கொளுத்திப் பாப்பாரு” என்றார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.