ஈசிஜி நார்மல்னா இதயம் நார்மலா?

இந்த எபிசோடைப் பண்ணலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சேன். கடைசியில அப்பாகிட்டயே கேட்டேன். "பேரு சொல்லாமப் பேசுடா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னார். அதனால் பேசுகிறேன்.

அப்பாவுக்கு 59 வயசு. 14 வருஷமா சுகர். கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் மேல்வயிற்றில் எரிச்சல், தாடையில் ஒரு இழுப்பு. நின்றால் ரெண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும். வாயுத்தொல்லைதான்னு ஓம வாட்டர் குடிச்சிட்டு இருந்தார். நான்தான் பக்கத்துல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஈசிஜி நார்மல். கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஈசிஜியை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டு "ஆல் ஓகே"ன்னு எழுதினது நான்.

அந்தப் பேப்பரில் என்ன இருந்தது என்று இப்போது தெரியும். சுமார் 10 நொடி நேரத்துக்கு இதயத்தில் மின்சாரம் எப்படி ஓடியது என்பது மட்டும்தான். ரத்தக் குழாயை ஈசிஜி பார்ப்பதில்லை. அடைப்பால் தசை பாதிக்கப்பட்டு, அதனால் மின்சாரம் மாறியிருந்தால்தான் அதில் தெரியும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி குழாய்கள் மூணு, நாலு மில்லிமீட்டர் அகலம்தான். அதில் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் சும்மா படுத்திருக்கும் ஆளுக்கு வருகிற ரத்தம் போதும். படி ஏறும்போதுதான் பத்தாது. நம்ம பாஷையில சொன்னா, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வர் லாகைப் பாத்துட்டு சிஸ்டம் சூப்பர்னு சொல்ற மாதிரி. லோடு டெஸ்ட்னா அது டிரெட்மில். இதில் சுகர் வேறு. நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சுவலி சினிமாவில் வர்ற மாதிரி வராது.

ஒன்பது நாள் கழித்து, ராத்திரி ரெண்டு மணி. படுக்கையிலேயே வியர்த்துக் கொட்டியது. எமர்ஜென்சியில் எடுத்த ஈசிஜியும் பெரிசா ஒண்ணும் காட்டலை. நான் நிம்மதியானேன், டியூட்டி டாக்டர் ஆகலை. ட்ரோபோனின் பார்க்கணும்னார். இது இதயத் தசை செல்களுக்குள் இருக்கும் புரதம்; செல் சேதமானால் ரத்தத்தில் கசியும். கசிவு தெரிய நேரமாகும் என்பதால் முதல் ரிசல்ட்டை மட்டும் வைத்து முடிவு பண்ண மாட்டார்கள். அப்பாவுக்கு முதல் சாம்பிள் எல்லைக்கோட்டில் இருந்தது. மூணு மணி நேரம் கழித்து எடுத்தது பல மடங்கு ஏறியிருந்தது. ஹார்ட் அட்டாக்தான்.

அடுத்து ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாக மெல்லிய டியூபை விட்டு, கொரோனரிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். இதுவே ஒரு விபத்தில் பிறந்தது. 1958 வரை கொரோனரிக்குள் நேரடியாகச் சாயம் போனால் ஆள் செத்துவிடுவார் என்றுதான் நம்பினார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளிக்கு மகாதமனியில் சாயம் செலுத்த முயன்றபோது டியூப் நழுவி வலது கொரோனரிக்குள் போய்விட்டது. சில நொடி இதயம் நின்றது. "இருமுங்க, இருமுங்க" என்று கத்தினார். அந்த இளைஞர் இருமினார், இதயம் திரும்ப ஓடியது.

அப்பாவுக்கு மூன்று குழாயிலும் அடைப்பு. நான் உடனே ஸ்டென்ட் என்றேன். மூணே நாளில் வீட்டுக்கு வந்துடலாம், நெஞ்சைப் பிளக்க வேண்டாமே! சர்ஜன் ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். ஸ்டென்ட், அடைப்பு இருக்கும் இடத்தை மட்டும் விரிக்கும். சுகர்காரர்களுக்குக் குழாய் நெடுகிலும் நோய் இருக்கும். நாளைக்கு அதே குழாயில் வேறு இடத்தில் அடைக்கலாம். பைபாஸ் அடைப்பைத் தொடுவதே இல்லை. அதைத் தாண்டிக் கீழே புதுக் குழாயை இணைப்பதால், மேலே புதுசா அடைத்தாலும் ரத்தம் போகும். ஃப்ரீடம் என்ற ஆய்வு 2012-ல் வந்தது. சுகரும் பல குழாய் அடைப்பும் உள்ளவர்களில், ஐந்து வருஷத்துக்குள் மரணம், ஹார்ட் அட்டாக், பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று ஸ்டென்ட் வைத்த 100 பேரில் சுமார் 27 பேருக்கு வந்தது; பைபாஸ் செய்தவர்களில் 19 பேருக்கு. பக்கவாதம் மட்டும் தனியாகப் பார்த்தால் பைபாஸில்தான் அதிகம். அதையும் மறைக்காமல் சொன்னார். கையெழுத்து போடச் சொன்னபோது என் கை நடுங்கியது. அப்பா பேனாவை வாங்கி அவரே போட்டார்.

கால் சிரையை எடுத்து ஒட்டும் முறையை 1967-ல் அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ அதே கிளீவ்லேண்டில் தொடங்கினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் நடந்தது நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975-ல், டாக்டர் கே.எம். செரியன் கையால். கால் சிரைகளில் பத்து வருஷத்தில் சுமார் பாதி அடைத்துவிடும். நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஓடும் தமனி அப்படி இல்லை, பெரும்பாலும் தாங்கும். அதனால் முக்கியமான முன்பக்கக் குழாய்க்கு அதைத்தான் கொடுப்பார்கள். அப்பாவுக்கு அந்தத் தமனி ஒன்று, கால் சிரை ரெண்டு. இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே தைத்தார்கள்.

ஐசியூவில் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொன்னார்கள். நெஞ்சைவிடக் கால் தையல்தான் அப்பாவைப் படுத்தியது. இப்போ தினமும் 40 நிமிஷம் நடக்கிறார். ஃபேமிலி குரூப்பில் என் பழைய "ஆல் ஓகே" இன்னும் இருக்கு, நான் அழிக்கலை. இன்சூரன்ஸ்காரங்களோட நான் போட்ட சண்டையை அடுத்த எபிசோடில் சொல்றேன், அது தனிக் கதை.