பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம்

ரீபோர் செய்த எஞ்சினின் அமுக்க விகிதம் என்ன என்று கேட்டால், பலரும் கம்பெனிக் கையேட்டில் உள்ள எண்ணைத்தான் சொல்வார்கள். அது புது எஞ்சினுக்கான எண். துளையை அகலப்படுத்தி, ஹெட்டைச் சீவி, வேறு கேஸ்கெட் போட்ட பிறகு அதை நம்பக்கூடாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. அப்படியானால் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் 372.3 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே 60 சி.சி. மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 60-ஆல் வகுத்தால் 7.2. இதுதான் அமுக்க விகிதம்.

இப்போது 40 சைஸ் பிஸ்டன் போடுகிறோம். அதாவது விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு கூடுகிறது. ஏறி இறங்கும் இடம் 382.8 சி.சி. ஆகிறது. பத்து சி.சி.க்கு மேல் கூடியும் விகிதம் 7.4-ஐத்தான் எட்டுகிறது. ஆனால் ஹெட்டைச் சீவியதில் மேலே உள்ள 60, 55 ஆகிவிட்டால்? விகிதம் ஏறக்குறைய 8! வெறும் ஐந்து சி.சி. செய்கிற வேலை இது. அதனால்தான் மேலே மிஞ்சும் அந்தச் சின்ன இடத்தை அளப்பதில் அத்தனை கவனம் வேண்டும்.

ஹெட்டில் வால்வுகளையும் பிளக்கையும் மாட்டி, கவிழ்த்து மட்டமாக வைப்பார்கள். விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்தி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விடுவார்கள்; நிரம்பப் பிடிக்கும் அளவுதான் அந்த இடத்தில் ஹெட்டின் பங்கு. காற்றுக்குமிழி ஒன்றுகூட உள்ளே நிற்கக்கூடாது. பிஸ்டன் தலையில் குழி இருந்தால் அதற்கும் இதே முறைதான்: பிஸ்டனைத் தெரிந்த அளவு கீழிறக்கி, நிரப்பி, நேர் உருளைக்கான கணக்கைக் கழித்துவிட வேண்டும். கேஸ்கெட்டுக்கு, போல்ட்டை முறுக்கியபின் நசுங்கி நிற்கும் தடிமன்தான் கணக்கு. அதன் துளை சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

நான்கு சிலிண்டர்களின் எரியறைகளையும் தனித்தனியே அளப்பது அவசியம். ஒன்று மட்டும் சிறியதாக இருந்தால் அந்தச் சிலிண்டரில்தான் முதலில் 'நாக்கிங்' என்னும் தட்டல் சத்தம் கேட்கும். பிஸ்டன் உடைவதும் அங்கேதான் தொடங்கும். கம்ப்ரஷன் கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்து இந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வால்வு மூடும் நேரம், ரிங் கசிவு, சுழலும் வேகம் எல்லாம் அந்த அழுத்தத்தை மாற்றிவிடும். விகிதம் கூடிப்போனது தெரிந்தால் தடித்த கேஸ்கெட் போடலாம், பெரிய குழியுள்ள பிஸ்டன் தேடலாம்; ஹெட்டை மாட்டுவதற்கு முன்னால் இரண்டுமே எளிது.