உலையில் பிறந்த ஜல்லி

கான்கிரீட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிமென்ட் அல்ல, ஜல்லியும் மணலும்தான். கோபுரம் கோபுரமாக எழும்பிக்கொண்டே இருக்கும் டொராண்டோவுக்கு இந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, நகருக்கு வெளியே உள்ள சுண்ணாம்புப் பாறைக் குவாரிகளிலிருந்தும் சரளை வெட்டும் குழிகளிலிருந்தும்தான். நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், மெலங்க்தனின் உருளைக்கிழங்கு வயல்களில் 2,300 ஏக்கர் பரப்பில் ஒரு குவாரி தோண்ட 2011இல் விண்ணப்பித்தார்கள். விவசாயிகளும் நகரத்தவரும் சேர்ந்து எதிர்த்து நின்றதில், 2012 நவம்பரில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. நல்ல வெற்றிதான். ஆனால் குவாரி வராததால் கல்லின் தேவை குறைந்துவிடவில்லை.

மாற்றுக் கல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்டாரியோ ஏரிக்கரையோரமாக எழுபது கிலோமீட்டர் போனால் ஹாமில்டன், இரும்பாலைகளின் ஊர். அங்கே ஊதுலையில் இரும்புத் தாதுவோடு கோக் கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் போட்டு உருக்குவார்கள். தாதுவிலுள்ள மண்ணையும் மணற்சத்தையும் சுண்ணாம்பு தன்னோடு சேர்த்துக்கொண்டு, பாலின் மேல் ஆடை படிவதுபோல உருகிய இரும்பின் மேல் மிதக்கும். அதுதான் கசடு. ஒரு டன் இரும்புக்குச் சுமார் 250 முதல் 300 கிலோ வரை வெளிவரும்.

அந்தக் குழம்பை எப்படிக் குளிரவைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குழியில் ஊற்றி மெல்ல ஆறவிட்டால் பாறையாக இறுகும், உடைத்தால் ஜல்லி. தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போன்ற மணல் கிடைக்கும்; அதை மாவாக அரைத்தால் சிமென்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். 1980களில் டொராண்டோவில் எழுந்த 68 மாடி ஸ்கோஷியா பிளாசாவின் கான்கிரீட்டில் கசடுத் தூளும் சிலிக்காப் புகைத்தூளும் கலந்திருக்கின்றன. மூன்றாவது வழி ஹாமில்டனிலேயே உருவானது. குழம்பின் மேல் தண்ணீர் பாய்ச்சி, சுழலும் உருளையால் காற்றில் வீசியெறிவார்கள். உள்ளே காற்றுக்குமிழ்கள் சிக்கிய உருண்டைகள் கிடைக்கும். எடை குறைவு என்பதால் கான்கிரீட் பிளாக்குகளுக்கு ஏற்றவை.

கசடெல்லாம் ஒன்றல்ல. ஊதுலையில் வந்த இரும்பை எஃகாக்கும்போது வரும் கசடில், எதனோடும் சேராத சுண்ணாம்பு எஞ்சியிருக்கும். அது ஈரம் பட்டால் ஊதிப் பெருகும். கான்கிரீட்டுக்குள் போனால் சில ஆண்டுகள் கழித்துக்கூட உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். தார்ச்சாலையில் இதைப் போட்டுப் பார்த்த ஒன்டாரியோ மாகாணம், வெடிப்புகள் கண்டபின் 1990களின் தொடக்கத்தில் நிறுத்திவைத்தது.

இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டும் ஜல்லியாகும். முன்பு டொராண்டோ இதை ஏரியில் கொட்டியது. ஐந்து கிலோமீட்டர் நீளும் லெஸ்லி தெரு நிலமுனை பெரும்பாலும் அப்படி உருவானதுதான். இடித்த கான்கிரீட்டை உடைத்துத் திரும்பப் பயன்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. கல்லில் ஒட்டியிருக்கும் பழைய காரை தண்ணீரை உறிஞ்சும். குளிர்காலத்தில் பனி உருகத் தூவிய உப்பு ஊறிய நடைபாதைத் துண்டுகள் கலந்தால் புதுக் கான்கிரீட்டின் கம்பி துருப்பிடிக்கும். அதனால் இன்று பெரும்பாலும் சாலைக்கு அடித்தளமாகவே போகிறது. இன்னும் மேலான வேலைக்கு உதவக்கூடிய கல் இப்படி மண்ணுக்கடியில் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கழிவு என்பதால் ஐயப்படுவோர் ஒன்டாரியோவின் கிங்ஸ்டன் நகரை நினைக்கவேண்டும். அங்கே கான்கிரீட்டைப் பிளந்தது குவாரியில் வெட்டிய இயற்கைச் சுண்ணாம்புக்கல்தான். அன்றைய வழக்கமான சோதனைகள் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை என்று கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த ஸ்வென்சன் 1957இல் எழுதினார். எங்கே பிறந்தது என்பதை வைத்துக் கல்லை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

இந்தியாவிலும் 2016இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிலை கசடு ஜல்லியையும் இடித்த கான்கிரீட் ஜல்லியையும் அனுமதிக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில், பெருஜல்லியில் இரும்புக் கசடு 25 விழுக்காடு வரை இருக்கலாம். எம்25 தரம் வரை, இடித்த கான்கிரீட் ஜல்லி 20 விழுக்காடு. கம்பி கட்டிய கான்கிரீட்டில் எஃகுக் கசடுக்கு இடமே இல்லை. வீடு கட்டுவோர் கசடு ஜல்லி என்று கேட்டதும் மறுத்துவிட வேண்டாம். எந்த உலைக் கசடு என்று கேளுங்கள், சோதனை அறிக்கையை வாங்கிப் பாருங்கள்.