இளம் வாத்துகளின் கால்நோய்கள்: காரணம், மருத்துவம், தடுப்பு – கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வாத்துக்குஞ்சு நொண்டினால் வளர்ப்போர் முதலில் அதன் பாதத்தைப் பார்க்கின்றனர். ஆயினும் முதல் சில வாரங்களில் தோன்றும் கால்குறைகள் பலவற்றின் காரணம் பாதத்தில் இல்லை. தீவனத்திலும் தரையிலும் உள்ளது. காரணத்திற்கேற்ப மருத்துவமும், அதற்குரிய காலமும் வேறுபடுகின்றன. கல்வராயன் மலையடிவாரத்து மேய்ச்சல் முறையைப் பின்னணியாகக் கொண்டு இவ்வேறுபாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாத்துக்குஞ்சு, நியாசின், கால் வளைவு, கால் விரிவு, பாதப்புண், பூஞ்சை நச்சு.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கே அமைந்த கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, மணிமுத்தா ஆறுகள் அடிவாரத்து வயல்களுக்கு நீர் தருகின்றன. வாத்து மலைக்குரிய பறவை அன்று. ஏரியும் நெல்வயலும் சார்ந்த சமவெளிக்குரியது. வட தமிழகத்தில் வாத்து வளர்ப்பு பெரும்பாலும் மேய்ச்சல் தொழிலாகவே நிகழ்கிறது. அறுவடை முடிந்த வயலில் மந்தையை இறக்கிச் சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி ஆகியவற்றை மேயவிடுவர். இரவில் வலையடைப்பில் அடைப்பர். அறுவடையைத் தொடர்ந்து ஊர் ஊராக நகர்வர். நடக்க இயலாத வாத்து இம்மந்தையில் நிலைக்க இயலாது. எனவே குஞ்சின் கால் நலம் என்பது மேய்ப்போரின் வருவாய் நலமும் ஆகும்.

தீவனக் குறையால் வரும் கால் வளைவு

குஞ்சு வயலுக்குச் செல்லும் பருவம் வரை அடைப்பில் வளர்கிறது. அப்போது அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அரிசிக் குருணை, சோறு அல்லது கோழிக்குஞ்சுத் தீவனம். இவை வயிற்றை நிரப்பினாலும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தைப் போதிய அளவு தருவதில்லை. டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நியாசினை உருவாக்கிக்கொள்ளும் திறன் கோழியைவிட வாத்துக்கு மிகக் குறைவு. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட அளவுகளின்படி, இறைச்சிக் கோழிக்குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் நியாசின் போதும். வாத்துக்கு 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக்குப் பொருந்தும் தீவனம் வாத்துக்குப் பொருந்தாமற்போவதன் காரணம் இதுவே.

குறைபாடுற்ற குஞ்சின் கணுமூட்டு வீங்கும். கால்கள் வில்போல் வளையும். குஞ்சு மூட்டின்மேல் அமர்ந்தே நகரும். வளர்ச்சியும் குன்றும். தொடக்கத்திலேயே நியாசினைக் குடிநீரிலோ தீவனத்திலோ சேர்த்தால் குஞ்சு தேறும். கோழிக்குஞ்சுத் தீவனம் 100 கிலோவுக்கு 5 முதல் 7.5 கிலோ வரை உலர்ந்த மதுவடி ஈஸ்ட் கலப்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை. எலும்பு வளைந்து உறுதிப்பட்ட பின்னர் தருவதால் வளைவு நிமிராது.

தீட்டிய அரிசிக்கும் கால் தளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1890களில் ஜாவாவில் பணியாற்றிய கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அங்குக் குறைந்தது தயமின் என்னும் வேறோர் உயிர்ச்சத்து. எனினும் தவிட்டோடு நீங்குவது உமிப்பகுதி மட்டுமன்று என்னும் உண்மை இரண்டிற்கும் பொது. தவிட்டில் நியாசின் மிகுதி. ஆனால் தானியங்களிலுள்ள நியாசினின் பெரும்பகுதி பிணைந்த நிலையில் இருப்பதால் உடலுக்கு முழுமையாகக் கிட்டாது. மக்காச்சோளத்தில் இக்குறை கூடுதல். ஆகவே மீன்தூள், நத்தை, புழு போன்ற விலங்குணவும் வேண்டும். வயலில் மேயும் வாத்து இவற்றைத் தானே தேடிக்கொள்கிறது. அடைப்பிலுள்ள குஞ்சுக்கு வளர்ப்போரே தரவேண்டும்.

மாங்கனீசு, கோலின் ஆகியவற்றின் குறையால் கணுமூட்டுக்குப் பின்னுள்ள தசைநாண் பக்கவாட்டில் விலகும். கால் முறுகித் திரும்பிவிடும். முற்றிய நிலையில் இதற்கு மருத்துவம் பயன்தராது. சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், உயிர்ச்சத்து டி ஆகியவை குறைந்தால் எலும்பு மென்மையாகிக் கால் தளரும்.

பூஞ்சை நச்சு

ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் மடிந்தபோது கடலைப் பிண்ணாக்கின்வழி இந்நச்சு அறியப்பட்டது. வாத்துக்குஞ்சு இதற்கு மிக எளிதில் இரையாகும். அதனாலேயே நச்சைக் கண்டறியும் சோதனைகளில் அது பயன்படுத்தப்பட்டது. பாதிப்புற்ற குஞ்சு தள்ளாடும். தோலடியில் இரத்தம் கசிவதால் காலும் பாதமும் ஊதா நிறம் கொள்ளும். இதனைக் காலடி என்று கருதிக் களிம்பு பூசுவோர் உண்மைக் காரணமாகிய ஈரலின் சிதைவைக் காணத் தவறுகின்றனர். ஐயத்திற்குரிய தீவனத்தை உடனே நிறுத்துவதே முதல் மருத்துவம்.

தரையால் வரும் குறைகள்

செய்தித்தாள், நெகிழி விரிப்பு, வழவழப்பான சிமெண்டுத் தரை ஆகியவற்றில் பொரித்த குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். முதல் சில நாள்களில், இயல்பான நிற்கும் அகலத்தில் இரு கால்களையும் மென்மையான துணிப்பட்டையால் தளர்வாக இணைத்துக் கட்டினால் பெரும்பாலும் சீர்ப்படும். கட்டு இறுகாமல் நாள்தோறும் பார்த்தல் வேண்டும். சாக்கு போன்ற சொரசொரப்பான விரிப்பு இக்குறையைத் தடுக்கும்.

பாதப்புண் சற்று வளர்ந்த வாத்துகளில் மிகுதி. சரளைக்கல், முள், அறுத்த நெற்பயிரின் கூரிய தாள் ஆகியவை கீறிய இடத்தில் ஸ்டைபிலோகாக்கஸ் நுண்ணுயிர் புகுந்து, உள்ளங்காலில் வீக்கமும் கரிய பொருக்கும் தோன்றும். தொடக்கநிலையில் பாதத்தை வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்துக் கழுவி, போவிடோன் அயோடின் இட்டு, உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆறும். சீழ் ஆழமாகக் கட்டியிருந்தால் கீறி அகற்றுவதும் நுண்ணுயிர்க்கொல்லி தருவதும் கால்நடை மருத்துவரின் பணி.

நோயறிதலும் தடுப்பும்

மூன்று வினாக்கள் காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். எத்தனை குஞ்சுகள் நொண்டுகின்றன? பல குஞ்சுகள் ஒருசேர நொண்டினால் தீவனத்தை முதலில் ஐயுற வேண்டும். ஒன்றிரண்டு எனில் காயம் ஆகலாம். குறை எங்கே உள்ளது? மூட்டிலா, விரலிலா, உள்ளங்காலிலா எனத் தடவிப் பார்க்க வேண்டும். வயது என்ன? பொரித்த ஓரிரு நாளில் தோன்றுவது தரையின் குறை. அதன்பின் சில வாரங்களில் தோன்றுவது பெரும்பாலும் தீவனக்குறை. காய்ச்சலும் சோர்வும் சேர்ந்திருந்தால் தொற்றுநோய் எனக் கருதி மருத்துவரை நாட வேண்டும். சின்னசேலத்தை அடுத்துச் சேலம் மாவட்ட எல்லைக்குள் தலைவாசல் அருகே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இவ்வட்டாரத்தாருக்கு வாய்ப்பாகும்.

தடுப்பு எளிது. தண்ணீர்த் தட்டைக் கம்பிவலைமேல் வைத்தால் சிந்தும் நீர் வடிந்து விரிப்பு உலர்ந்திருக்கும். தீவனத்தைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கினால் பூஞ்சை குறையும். குருணையோடு தவிடும் மீன்தூளும் சேர்க்க வேண்டும். இரவு அடைப்புக்குக் கல்லும் முள்ளும் இல்லாத மேட்டுநிலத்தைத் தேர்தல் நன்று.

முடிவுரை

வளைந்த காலும் புண்பட்ட பாதமும் ஒரே நோயின் இரு வடிவங்கள் அல்ல. முன்னது உணவால் வருவது. சில நாள்களுக்குள் கவனித்தால் மட்டுமே மீளும். பின்னது நிலத்தால் வருவது. பொறுமையுடன் மருந்திட்டால் ஆறும். இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாக் குஞ்சுக்கும் களிம்பே பூசினால், காப்பாற்றக்கூடிய குஞ்சும் கழிக்கப்படும். மேய்ச்சல் நிலம் சுருங்கி வாத்துகள் அடைப்பில் வளரும் காலம் நீளுமாயின், வயல் இதுவரை தானே அளித்த ஊட்டத்தை வளர்ப்போர் அறிந்து அளிக்கும் தேவை மேலும் கூடும்.