எந்த ஸ்கேன், எதற்காக?

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைப்புநிதி ரசீதுடன் என் மேசைக்கு வந்தார். முதிர்வுக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. மனைவியின் முதுகுத்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. வீடு மாற்றியதில் அந்தப் படமும் அறிக்கையும் தொலைந்துவிட்டன. படத்தைப் பாராமல் மேற்கொண்டு சொல்ல இயலாது என்று புதிய மருத்துவர் கூறிவிட்டாராம். "சி.டி. படம் ஒன்று கையில் இருக்கிறது, சார். ஸ்கேன் எல்லாம் ஒன்றுதானே? அதையே காட்டினால் ஆகாதா?" என்று கேட்டார்.

வணிகவியல் படித்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து கருவிகள், ஐந்து கேள்விகள்

1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. எலும்பு இக்கதிர்களை மிகுதியாகத் தடுக்கிறது, தசை குறைவாகத் தடுக்கிறது. அதனால் கிடைக்கும் நிழலே எக்ஸ்ரே படம். எலும்பு முறிவுக்கும் நுரையீரல் நோய்க்கும் இது இன்றும் முதற்படி. ஆயினும் முன்னும் பின்னும் உள்ள உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது இதன் குறை.

அக்குறையைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன். உடலைச் சுற்றிலும் பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கணினியின் துணையால் குறுக்குவெட்டுப் படங்களை இது உருவாக்குகிறது. இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு இதனை உருவாக்கினார். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படமெடுக்கப்பட்டது.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ் கதிர் இல்லை. வலிமையான காந்தமும் வானொலி அலைகளும் உடலிலுள்ள நீர், கொழுப்பு ஆகியவற்றின் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து சமிக்ஞை பெறுகின்றன. எனவே நரம்பு, தண்டுவடம், முதுகெலும்புகளுக்கிடையே உள்ள தட்டு, மூட்டு நாண் போன்ற மென்மையான பகுதிகள் தெளிவாகத் தெரியும். அல்ட்ராசவுண்டு, ஒலியின் எதிரொலியைக் கொண்டு இயங்குவது. கதிர்வீச்சு இல்லாததால் கருவுற்ற தாய்மார்களுக்கு ஏற்றது. பெட் ஸ்கேன், கதிரியக்கம் ஏற்றப்பட்ட சர்க்கரை போன்ற பொருளை உடல் எங்கே மிகுதியாகச் செலவிடுகிறது எனக் காட்டி, புற்றுநோயின் பரவலை அறிய உதவுகிறது.

எங்கள் துறை மொழியில் சொன்னால், சி.டி. என்பது இருப்புநிலைக் குறிப்பு. பெட் என்பது பணப்புழக்க அறிக்கை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது. விலை கூடியது சிறந்தது என்பதும் இல்லை. ஆசிரியரின் கேள்விக்கான விடையும் இதுவே. சி.டி. எலும்பை நன்கு காட்டும். நரம்பை அழுத்தும் தட்டின் நிலையை அறிய எம்.ஆர்.ஐ.யே ஏற்றது.

சிகிச்சையில் நேர்ந்த மாற்றம்

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டாலும், வெடித்துக் கசிந்தாலும் வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. அடைப்பு எனில் கட்டியைக் கரைக்கும் மருந்து தரவேண்டும். கசிவு எனில் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. சில நிமிடங்களில் எடுக்கப்படும் சி.டி. படமே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. இம்மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் தரவேண்டும். ஆகவே முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் கண்டால், சி.டி. வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள்.

முன்பு காரணம் அறியவே வயிற்றைத் திறந்து பார்த்த அறுவைகள் இன்று வெகுவாகக் குறைந்துள்ளன. படத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்திக் கட்டியின் திசுவை எடுக்கின்றனர். சிற்றூரில் எடுத்த படத்தைத் தொலைநகரத்து நிபுணர் சில நிமிடங்களில் பார்க்கிறார். காசநோயைத் தேடும் மார்பு எக்ஸ்ரே படங்களைக் கணினி மென்பொருள் வாசிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரை வழங்கியது. எனினும், நோயை உறுதிசெய்யச் சளிப் பரிசோதனை தேவை.

கவனிக்க வேண்டியவை

மார்பு எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து சில நாள்களில் நாம் பெறும் அளவே. வயிற்று சி.டி. ஒன்றோ சில ஆண்டுகளின் அளவுக்குச் சமம். தேவையான ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டாம். தேவையற்றதை நாமாகக் கேட்கவும் வேண்டாம். அறிகுறி ஏதுமின்றி எடுக்கும் முழுவுடல் ஸ்கேன், தீங்கற்ற சிறு புள்ளியைக் காட்டி மேலும் பல சோதனைகளுக்கு இழுத்துச் செல்வதும் உண்டு.

கருவுற்றிருப்பின் முன்னரே தெரிவியுங்கள். பேஸ்மேக்கர், உலோகக் கிளிப் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்பும், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை உள்ளவர்கள் நிறமூட்டும் மருந்து ஏற்றும் முன்பும் சொல்ல வேண்டும். கருவின் பாலினத்தை அறிவதும் அறிவிப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

செலவும் காப்பீடும்

பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால், பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் அச்செலவை ஏற்பதில்லை. ஆனால் அதே நோய்க்கு உள்நோயாளியாகச் சிகிச்சை பெற நேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய குறிப்பிட்ட நாள்களில் எடுத்த ஸ்கேன் செலவைக் கோரலாம். எத்தனை நாள்கள் என்பது உங்கள் பாலிசியில் இருக்கும். எனவே மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, ரசீது, அறிக்கை மூன்றையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அவசரப் பணத் தேவைக்கு வைப்புநிதியை முறிப்பதற்கு முன், அதன் பேரில் கடன் பெறும் வாய்ப்பையும் கிளையில் கேளுங்கள்.

ஆசிரியரிடம் அன்று நான் கேட்டது ஒன்றுதான். "படம் எடுத்த மையத்தில் விசாரித்தீர்களா?" விசாரிக்கவில்லை என்றார். பல மையங்கள் படங்களைக் கணினியில் சில காலம் சேமித்து வைக்கின்றன. மறுநாள் அவர் திரும்பி வந்தபோது கையில் குறுந்தகடு ஒன்று இருந்தது. வைப்புநிதி ரசீதைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. "இதன் பிரதி ஒன்றை மகனுடைய கணினியிலும் போட்டுவிட்டேன், சார்" என்றார்.

நிலப் பத்திரத்தைப் பூட்டி வைக்கும் நாம், உடலின் பத்திரத்தையும் அவ்வாறே காக்கலாம் அல்லவா?